துருத்திச் சிறுகுழல் தெரிதல்

விழா மலருக்குத் தமிழாசிரியனிடம் கட்டுரை கேட்போர், அணியிலக்கணமோ செய்யுள் நயமோ வந்து சேரும் என்று எண்ணியிருத்தல் இயல்பு. இம்முறை அவர்களை ஏமாற்ற நேர்ந்தமைக்கு இக்கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரே காரணர். ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன் என் வகுப்பிலிருந்து புணரியல் விதிகளோடு போராடிய அவர், இப்போது ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரிலே பொறியியலாளராயிருக்கிறார். அந்நாட்டுத் துருத்திக்குழலை விரும்பி வாங்கி, முதன்முறை ஏமாந்து, இரண்டாம் முறை தேறியவர். "வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அங்கே ஆளிருக்கு, சேர். எங்கடை ஆக்கள் கேட்டால் தமிழிலை குடுக்க ஒரு தாளுமில்லை" என்று அவர் சொன்னதே இக்கட்டுரைக்குப் பிறப்பிடம்.

நான் இசை பயின்றவனல்லன். அவர் எழுதிய நீண்ட கடிதங்களும், விடுமுறையில் கொண்டுவந்து என் வீட்டு விறாந்தையிற் பிரித்துக் காட்டிய கருவியும், அவற்றின்பின் நானாகத் தேடிப் படித்தவையுமே இங்குக் கூறப்படுவனவற்றுக்கு ஆதாரம். கருவி வாங்க எண்ணாதவரும் இதனைப் படிக்கலாம். காற்றும் மரமும் நாணலும் சேர்ந்து சுருதியாவது எங்ஙனம் என்பதில் நாகசுவரம் கேட்டு வளர்ந்த நமக்குப் பற்றில்லாமற் போகாது.

பக்பைப் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது, படைவீரர் அணிவகுப்பில் வாயால் ஊதப்பெறும் பெருங்குழலாகும். அது வெட்டவெளிக்கு உரியது. அதன் ஒலி அறைக்குள் அடங்காது. நாம் எடுத்துக்கொண்ட ஸ்மோல்பைப்ஸ் என்னும் சிறுகுழலோ வீட்டுக்குள் வாசிப்பதற்கென்றே அமைந்தது. பிடில் ஒன்றன் பக்கத்திலிருந்து வாசித்தால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கா. வலக்கையின் கீழ் அரைக்கச்சையாற் கட்டிய சிறு துருத்தி. இடக்கையின் கீழ் தோற்பை. பையிலிருந்து கீழ்நோக்கி விரல்களால் வாசிக்கும் இசைக்குழல் ஒன்று. ஒரே அடிக்கட்டையிற் பொருத்திய சுருதிக்குழல்கள் பெரும்பாலும் மூன்று. முழங்கையால் துருத்தியை விரித்து அமுக்கப் பை நிரம்பும்; மற்றக் கை பையை ஒரே சீராக அழுத்திக்கொண்டிருக்கும். வாய்க்கு வேலையில்லை. வாசிப்பவர் விரும்பினாற் பாடிக்கொண்டும் வாசிக்கலாம். மூச்சின் வெப்பமும் ஈரமும் இல்லாத காற்றாகலின், இவ்வினக் கருவிகளை அந்நாட்டார் குளிர்காற்றுக் குழல்கள் என்று வழங்குவர்.

துருத்தி என்ற சொல் கொல்லன் பட்டறைக்கு மட்டும் உரியதென்று நம் மாணாக்கர் கருதுகின்றனர். தென்னாட்டிலே சின்னமேளம் என்று பெயர்பெற்ற பழைய சதிர்க் கூட்டத்தில், சுருதிக்கென ஒருவர் தோற்பை வாத்தியம் வைத்திருந்தார். அதற்கும் துருத்தி, துத்தி என்ற பெயர்களே வழங்கின. பின்னர் சுருதிப்பெட்டி வந்து அதனைத் தள்ளிவிட்டது. ஆகவே, பையிலடைத்த காற்றால் ஓயாத ஆதாரசுருதி எழுப்புதல் நமக்கு முற்றிலும் புதிய கருத்தன்று.

வரலாறு சிறிது அறிந்திருத்தல் வாங்குவோர்க்குப் பயன்படும். பதினேழாம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்து உயர்குடியினர் மியூசெட் என்னும் துருத்திக்குழலை வாசித்தனர். ஸ்கொட்லாந்தின் தாழ்நிலப் பகுதியிலும் இங்கிலாந்தின் வடபாலுள்ள நோதம்பலாந்திலும் துருத்தியால் இயங்கும் குழல்கள் பல வழங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்திலே அவை அருகி மறைந்தன. நோதம்பலாந்திற் சிறுகுழல் மரபு அறாது நின்றது. 1980களின் தொடக்கத்தில் கொலின் றொஸ் என்ற நோதம்பலாந்துக் கைவினைஞர் தம் நாட்டுச் சிறுகுழலின் துளையளவும் சீவாளி நுட்பமும் கொண்டு, ஸ்கொட்லாந்துப் பெருங்குழலின் விரலடைவுக்கு இசைந்த கருவியொன்றைச் சமைத்தார். தாழ்நில, எல்லைப்புறக் குழலிசையாளர்க்கான சங்கம் 1983 இல் தோன்றிற்று. கால்நடை மருத்துவராயிருந்த ஹேமிஷ் மூர் என்பவர் அத்தொழிலை விட்டுக் குழல் கடைவதிற் புகுந்து புகழ்பெற்றார். இன்று நாம் வாங்கும் சிறுகுழல், ஆதலின், அமைப்பால் நாற்பது ஆண்டளவே முதிர்ந்தது. இருநூறாண்டு மரபு மாறாமல் வந்த கருவி என்று சொல்லி ஒருவர் விலை உயர்த்துவாராயின் அவரிடம் சற்று எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். அரும்பொருட்சாலைகளிலே உள்ள பழங்கருவிகள் இன்றைய பிடிலோடு சேர்ந்து வாசித்தற்கு உரிய சுருதியின அல்ல.

இனி, நம் மாணவர் ஏமாந்த கதை. அவருடைய தந்தையார் இவ்வூர்க் கோயில்களில் நாகசுவரத்துக்கு ஒத்து ஊதியவர். ஒத்துக்காரரை யாரும் கவனிப்பதில்லை. படம் பிடிப்போர் அவரை வெட்டிவிடுவர். அம்மைந்தர் சிறுவயதில் தவிலின் பக்கத்திற் குந்தியிருந்து கேட்டது அந்த ஒற்றைச் சுரத்தையே. எடின்பரோவில் நண்பர் ஒருவரின் வீட்டிலே முதன்முறை சிறுகுழலைக் கேட்டபோது, பாட்டு என்னவென்று தமக்குத் தெரியவில்லை என்றும், சுருதிக்குழல்கள் மூன்றும் கூடி நின்ற இடத்திலேயே தம் மனமும் நின்றுவிட்டதென்றும் எழுதியிருந்தார். இந்த நிலையில் இருப்பவரைப் போல எளிதில் ஏமாறக்கூடியவர் வேறெவருமில்லை.

2013 இல், ஒருவர் கைம்மாற்றாக விற்ற கருவியை அவர் வாங்கினார். மூன்று மாதச் சேமிப்பு அதிற் போயிற்று. கருமரத்திற் கடைந்து வெள்ளிப் பூண் கட்டிய, பார்வைக்கு அழகான கருவி. பை கசிந்தது. துருத்தி பெரிது, இவரோ சிறிய உடம்பினர். விரற்றுளைகள் நெருங்கியிருந்தன; இவருடைய விரல்கள் தடித்தவை. யாவற்றிலும் மேலாக, அது 'டி' சுருதிக் கருவி; இவர் சேர்ந்து வாசிக்க விரும்பிய நண்பர்களோ 'ஏ' சுருதிக் கருவியினர். ஓராண்டுக்கு மேல் வியர்வை சிந்தியபின் அதனைக் கட்டிலின் கீழ்த் தள்ளிவிட்டார். "நான் வாங்கினது வாத்தியமில்லை, சேர், பெட்டி" என்றார். தமக்குக் கை வரவில்லை, தாம் இதற்குப் பிறந்தவரல்லர் என்று இரண்டாண்டு நம்பியிருந்தாரே, அது பணநட்டத்திலும் பெரிய நட்டமென்று எனக்குத் தோன்றிற்று. பழுதான கருவி தன் பழுதைக் கற்பவன்மேல் ஏற்றிவிடும். புதியவனுக்கு அதனைப் பிரித்தறிய வழியில்லை.

ஆகவே, முதலிற் தீர்மானிக்க வேண்டியது மரமன்று, பூணன்று, சுருதி. சிறுகுழல்கள் பெரும்பாலும் ஏ, பி பிளாற், சி, டி என்னும் நான்கு சுருதிகளிற் செய்யப்படும். ஏ தாழ்ந்தது, நீண்டது, விரல்கள் அகன்று நிற்பது. டி உயர்ந்தது, குறுகியது, விரல்கள் ஒடுங்கி நிற்பது. பிடில் முதலிய கருவிகளோடு கூடி வாசிப்போர் ஏ சுருதியையே பெரும்பான்மையும் நாடுகின்றனர். பெருங்குழல் வாசித்துப் பழகியவர்க்குப் பி பிளாற் ஒலியால் அணுக்கமானது. சி சுருதிக் கருவி தனித்து வாசிக்க இனிமையுடையதென்று பலர் கூறுவர். ஆயினும் கூட்டத்திற் சேர்வது கடினம். யாரோடு வாசிக்கப்போகிறோம் என்ற வினாவுக்கு விடை கண்டபின்பே கருவியைத் தேடல் வேண்டும். சிறிய கையினர் ஏ சுருதிக் குழலொன்றை ஒருமுறையேனும் பிடித்துப் பாராமற் கட்டளை கொடுத்தல் ஆகாது. கீழ்க்கையின் சுண்டுவிரல் எட்டாவிடில் அடிச்சுரம் ஒருகாலும் தெளியாது.

இங்கு ஒரு வியப்பைக் கூறவேண்டும். பெருங்குழலின் இசைக்குழல் உள்ளே கூம்பு வடிவான துளையுடையது. நமது நாகசுவரமும் அங்ஙனமே. சிறுகுழலின் துளையோ மேலிருந்து கீழ்வரை ஒரே அளவான உருளை. ஏறத்தாழ நான்கு மில்லிமீற்றர் அகலமே உடையது. சீவாளி பொருத்திய உருளைக்குழல், ஒரு முனை அடைபட்ட குழல்போல் இயங்கும். அதே நீளமுள்ள கூம்புக்குழல் தரும் ஒலியினும் ஒரு தாயி, அஃதாவது எட்டுச்சுர அளவு, தாழ்ந்த ஒலியையே தரும். கைக்கடக்கமான சிறு குழலிலிருந்து ஆழ்ந்த மென்குரல் எழுவதன் காரணம் இதுவே. ஆயின், இதற்கு விலையும் உண்டு. அழுத்தத்தை மிகுத்தாலும் இக்குழல் மேற்றாயிக்கு ஏறாது. ஒன்பது சுரங்களே அதன் செல்வம். உலோகச் சாவிகள் பொருத்தி மேலும் சில சுரம் சேர்க்கலாம். தொடக்கத்தில் அவை வீண்செலவு.

அவ்வொன்பது சுரங்கள் எவை என்று பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்புகின்றிலேன். ஆதார சட்சத்துக்குக் கீழே கைசிகி நிடாதம் ஒன்று. பின்னர் சட்சம், சதுச்சுருதி இடபம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சதுச்சுருதி தைவதம், கைசிகி நிடாதம், மேற்சட்சம். இஃது நம் அரிகாம்போதியின் சுரவரிசையேயன்றி வேறன்று. பழந்தமிழிசையின் செம்பாலை அரிகாம்போதியே என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். இதனாற் தமிழன் ஸ்கொட்லாந்துக்குக் குழல் கொண்டுபோனான் என்று யாரேனும் துள்ளி எழவேண்டா. இயற்கையொலியின் கணக்கைச் செவிகொண்டு தேடிய மக்கள் வெவ்வேறு நாட்டில் ஒரே வாயிலை அடைதல் கூடும்; அவ்வளவே.

அக்கணக்கை இங்குச் சிறிது விரித்துரைத்தல் அவசியம். ஏனெனில் கருவி நல்லதா என்பதை அறியும் உரைகல் இதுவே. ஏ சுருதிச் சிறுகுழலின் ஆதார சட்சம் விநாடிக்கு 220 அதிர்வுடையது. சுருதிக்குழல்களில் நீண்டது 110 அதிர்விலும், குறியது 220 அதிர்விலும் சட்சத்தைப் பிடிக்க, நடுக்குழல் 165 அதிர்விற் பஞ்சமத்தைப் பிடிக்கும். இவை ஓயாது ஒலித்துக்கொண்டிருக்க இசைக்குழலின் ஒவ்வொரு சுரமும் அவற்றின்மேல் வந்து அமரவேண்டும். பஞ்சமம் சட்சத்தினும் ஒன்றரை மடங்கு, எனவே 330. காந்தாரம் ஒன்றேகால் மடங்கு, எனவே 275. பியானோ முதலிய சமப்பகுப்புக் கருவிகளிலே அதே காந்தாரம் 277 அளவில் நிற்கும். இரண்டு அதிர்வு வேறுபாடு அற்பமென்று தோன்றலாம். ஆயின், நீண்ட சுருதிக்குழலின் ஐந்தாம் துணையொலி 550. பியானோக் காந்தாரத்தின் இரண்டாம் துணையொலி 554க்கு மேல். இவ்விரண்டும் மோதுமிடத்து விநாடிக்கு நான்கு தடவைக்குமேல் ஒலி ஏறியிறங்கித் துடிக்கும். 275 இல் நின்றாலோ துடிப்பு அடங்கிக் காந்தாரம் சுருதிக்குள் கரைந்துவிடும். நன்கு கூட்டிய தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானே எழுதலைக் கேட்டவர்க்கு இது விளங்கும்.

எனவே, மின்கருவியை மேசையில் வைத்து, அதன் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துச் சிறுகுழலைத் தேர்பவர் நல்ல குழலைத் தள்ளித் தீய குழலை வாங்கக்கூடும். சட்சத்தையும் பஞ்சமத்தையும் முள்ளால் அளக்கலாம். காந்தாரத்தையும் தைவதத்தையும் செவியாலேயே அளக்கவேண்டும். நிடாதத்தில் வல்லுநர்க்குள்ளேயே கருத்துவேற்றுமை உண்டு: சட்சத்தின் ஒன்றேமுக்கால் மடங்காக, 385 இல், தாழ்த்தி வைப்போரும் உளர், பிடிலோடு இசையச் சற்று உயர்த்துவோரும் உளர். எதுவாயினும் செய்பவரிடம் முன்னரே கேட்டறிதல் நன்று. சுருதியைப் பின்னக் கணக்காற் காணும் வழியைக் கற்க விரும்பும் மாணாக்கர் விபுலானந்த அடிகளாரின் யாழ்நூலை எடுத்துப் பார்ப்பாராக. 1947 இல் வெளிவந்த அந்நூல் நம் கல்லூரி நூல்நிலையங்களில் தூசிபடிந்து கிடத்தற்கு உரியதன்று.

சோதிக்கும் முறை வருமாறு. முதலில் நீண்ட சுருதிக்குழலை மாத்திரம் ஒலிக்கவிட்டு மற்றவற்றை அடைத்துவிடுக. பையின் அழுத்தத்தைச் சிறிது கூட்டியும் குறைத்தும் பார்க்க ஒலி மிக அசையலாகாது. பின் குறிய குழலைத் திறந்து, இரண்டும் துடிப்பின்றி ஒன்றாகும்வரை அதன் நெகிழ்மூட்டை இழுத்தோ அமுக்கியோ சரிசெய்க. இழுத்து நீட்டினாற் சுருதி இறங்கும், அமுக்கிக் குறுக்கினால் ஏறும். அதன்பின் நடுக்குழல். மூன்றும் கூடியபின் இசைக்குழலில் முதலிற் பஞ்சமம், அடுத்து மேற்சட்சம், அடுத்து ஆதார சட்சம் என்று நீளப் பிடிக்கவேண்டும். இவை மூன்றும் ஒரே அழுத்தத்தில் நிற்குமாயின் கருவி பெரும்பாலும் பழுதற்றது. மேற்சட்சத்துக்குப் பையை நெருக்கியும் கீழ்ச்சட்சத்துக்குத் தளர்த்தியும் பிடிக்க வேண்டியதாயின், எவ்வளவு அழகிய கருவியாயினும் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். கைதேர்ந்தவர் அக்குறையை மறைத்து வாசிப்பர். விற்பவர் கைதேர்ந்தவராயிருப்பதே இங்குள்ள ஆபத்து. ஆதலால், அவர் வாசிக்கக் கேட்டபின், அவர் அழுத்தத்தை மாற்றாமல் ஒரு சுரத்தை மட்டும் பிடிக்கும்படி வேண்டிக்கொள்ளலாம்.

மத்திமத்தை ஆதாரமாகக்கொண்ட பாட்டுக்கள் அவ்விசையிற் பல. அப்போது பஞ்சமத்தில் நிற்கும் நடுச்சுருதி பொருந்தாது. நாம் தம்புராவை மத்திம சுருதிக்கு மாற்றுவதுபோல, நடுக்குழலை மத்திமத்துக்கு இறக்கவோ, அன்றி அடைத்துவிடவோ வேண்டும். சில கைவினைஞர் இதற்கெனவே நான்காவது குழலொன்று சேர்ப்பர். தொடக்கத்தில் மூன்று குழல் போதும். நடுக்குழல் அம்மாற்றத்துக்கு இடந்தருமா என்று மட்டும் கேட்டுக்கொள்க.

அடுத்தது காற்று. கற்பவர் தளர்ந்து விலகுவதற்குப் பெருங்காரணம் இசையன்று, காற்றுக்கசிவே. துருத்தியின் வெளிவாயைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு அமுக்கினால் அது கல்லைப்போல் நிற்கவேண்டும். உள்வாயை அடைத்து விரிக்க முயன்றால் விரியக்கூடாது. பையின் எல்லா வாய்களையும் தக்கையால் அடைத்து நிரப்பி வைத்தால் ஒருநிமிடம் கழிந்தும் விறைப்பு நீங்காதிருத்தல் வேண்டும். துருத்திக்கும் பைக்கும் நடுவே, காற்றுத் திரும்பாமற் காக்கும் தோல்மடல் ஒன்றுண்டு. அது சுருண்டிருந்தால் அமுக்கிய காற்றெல்லாம் மீண்டு துருத்திக்கே போகும். இச்சோதனைகளுக்கு இசையறிவு ஒன்றும் வேண்டா. பத்து நிமிடம் போதும். நம் மாணவர் 2013 இல் இப்பத்து நிமிடத்தைச் செலவிட்டிருந்தால் மூன்று ஆண்டு மிஞ்சியிருக்கும். துருத்தியின் அளவும் உடலுக்கு ஏற்றதாதல் வேண்டும். பெரிய துருத்தி தோளை நோவச் செய்யும். மிகச் சிறியது ஓயாமல் அடிக்கச் செய்யும். இடக்கைப் பழக்கமுடையோர் கட்டளையிடும்போதே அதனைச் சொல்லவேண்டும். பின்னர் மாற்றுதல் அரிது.

இசைக்குழலின் சீவாளி, நாகசுவரச் சீவாளிபோல இரட்டை இதழ் உடையது. நாம் கொறுக்கைத் தட்டையைப் பதஞ்செய்வதுபோல அவர்கள் மத்தியதரைக் கடற்பகுதி நாணலைச் சீவி மெலிதாக்குவர். வேறுபாடு யாதெனின், நம் வித்துவான் சீவாளியை உமிழ்நீரால் நனைத்து வாயிற் பற்றுவார். இங்கோ அது குழலுக்குள் மறைந்து, யாரும் தொடாமல், உலர்ந்த காற்றிலேயே வாழும். அதனாற் பல்லாண்டு நிலைக்கும். நாவு எட்டாமையின் துத்துக்காரத்துக்கும் இடமில்லை. குழலின் அடி திறந்திருத்தலின் ஒலி அறுவதேயில்லை. ஒரே சுரத்தை இருமுறை ஒலிக்க விரும்பினால் இடையில் வேறொரு விரலை மின்னலெனத் தூக்கி வைத்து வெட்டவேண்டும். சுருதிக்குழல்களில் ஒற்றை நாக்கு. நாணலாலோ, பித்தளையுடலிற் பிளாஸ்டிக் நாக்குப் பொருத்தியோ செய்யப்படுவது. பிளாஸ்டிக் என்றதும் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. ஈரப்பதம் மாறும்போது அது நாணலினும் குறைவாகவே அசையும். வாங்கும்போது மாற்றுச் சீவாளி ஒன்று கேட்டுப் பெறுதல் நலம். அந்தச் சீவாளி அந்தக் குழலிற் பொருத்திச் சோதிக்கப்பட்டதாயிருத்தல் இன்றியமையாதது.

மரத்தைப்பற்றிச் சுருக்கமாகக் கூறி அமைவேன். ஆபிரிக்கக் கருமரம் மிகுதியாக வழங்குகிறது. அது நம் கருங்காலியினமன்று. ஈட்டி மரத்தின் இனம். கனமும் நெருக்கமும் உடையது, எளிதிற் கோணாது. பொக்ஸ்வூட், பிளம், பேரி, லபேணம் முதலிய மரங்களும் உண்டு. அவற்றின் ஒலி மென்மையுடையதென்பர். இவ்வேறுபாட்டைக் கண்மூடிக் கேட்டு அறியவல்லார் எத்துணையர் என்ற ஐயம் எனக்கு உண்டு. துளையின் அளவும் சீவாளியும் செய்யும் வேற்றுமையில் மரம் செய்வது சிறுபங்கே. கருமரத்தின் இனம் முழுவதும் 2017 தொடக்கத்தில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு 2019 இன் இறுதியில் விலக்கு அளிக்கப்பட்டது. பழைய கருவிகளின் பூண் யானைத்தந்தமாயின் அதனை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்வதிற் பெருஞ் சிக்கல் உண்டாகும். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்துபோகும் நம்மவர் தந்தப்பூண் கருவியை இலவசமாகத் தந்தாலும் ஏலாதிருத்தல் நன்று. கொம்பு, எலும்பு, மரம் இவற்றாற் செய்த பூண்களில் ஒரு குறைவுமில்லை.

கைவினைஞரைத் தெரிதல் கருவியைத் தெரிதலினும் கடினம். ஏனெனிற் பணம் பேசும்போது கருவி பிறக்கவேயில்லை. நல்ல கைவினைஞர் தனியாகவோ, குடும்பமாகவோ, ஓரிருவர் துணையோடோ வேலை செய்பவர். மாதக்கணக்கிற் காத்திருக்க வேண்டும், சிலரிடம் ஆண்டுக்கணக்கு. விலையும் ஆயிரம் பவுணை எளிதிற் கடந்துவிடும். இவ்வளவு பணத்தையும் காலத்தையும் கண்ணாற் காணாத பொருளின்மேல் வைப்பதற்கு ஒருவழியே உண்டு: அவர் முன்னர்ச் செய்த கருவியை வேறொருவர் கையிற் கேட்டல். அதுவும் புதிதாக வாங்கியவரிடமன்று, ஐந்தாண்டு வைத்திருப்பவரிடம். பழுது நேர்ந்தபோது கைவினைஞர் எங்ஙனம் நடந்துகொண்டார் என்றும் கேட்கவேண்டும். நம் மாணவர் 2016 இல் அப்படியே செய்தார். மூன்று வீடுகளுக்குச் சென்று, ஒரே பட்டறையின் மூன்று கருவிகளைக் கேட்டு, மூன்றிலும் காந்தாரம் ஒன்றுபோல் அடங்கி நின்றதைக் கண்டபின் முன்பணம் கொடுத்தார். பட்டறையிலே அவருடைய கையை ஒரு தாளில் வைத்து வரைந்து, அரையையும் அளந்து எடுத்தார்களாம். பதினான்கு மாதத்தின்பின் ஏ சுருதியில், பிளம் மரத்தில், வெள்ளிப் பூணில்லாத கருவி வந்தது.

2018 ஆவணியில் அவர் ஊருக்கு வந்தபோது அதனையும் கொண்டுவந்தார். குளிர்நாட்டு அறைகளிலே கணப்புச் சூட்டால் மரம் உலர்ந்து வெடிக்கும் அச்சம். இங்கோ ஈரக்காற்றால் மூட்டுக்களின் நூற்சுற்று இறுகிவிட்டது. முதல்நாள் சுருதிக்குழல்கள் அசையவேயில்லை. நூலை இரண்டு சுற்றுக் குறைத்து மெழுகிட்டபின்பே நெகிழ்ந்தன. பயணம் செய்வோர் சிறிது மெழுகுநூலும் சிறு கத்தியும் பெட்டியில் வைத்திருப்பாராக.

மறுநாட் பின்னேரம் என் விறாந்தையில் அவர் துருத்தியைக் கட்டிக்கொண்டு வாசித்தார். அவருடைய தந்தையாரும் வந்திருந்தார். எழுபத்தைந்தைக் கடந்தவர், பற்கள் போனபின் ஒத்தையும் கைவிட்டவர். பாட்டு நடக்கையில் அவர் பாட்டைக் கேட்டதாகத் தெரியவில்லை. தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தபின் மகனை அருகில் அழைத்து, "நடுவிலை நிக்கிறது கொஞ்சம் ஏறி நிக்குது, தம்பி" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகன் பையை அழுத்திப் பிடித்து, சுருதிக்குழல்களை மாத்திரம் ஒலிக்கவிட்டு, நடுக்குழலின் நெகிழ்மூட்டை மயிரிழையளவு வெளியே இழுத்தார். அப்போதுதான், அதுகாறும் ஒரு துடிப்பு இருந்ததென்பது, அது நின்றுபோனதால் எனக்குத் தெரிந்தது. முதியவர் தலையசைத்தார். மகன் மீண்டும் பாட்டைத் தொடங்கவில்லை. சுருதியை மட்டும் நெடுநேரம் நிறுத்திவைத்திருந்தார்.